பழைய ஜீப்பும் பெரிய டயரும்

சென்ற கோடை விடுமுறையில் நாம் சிலர் பண்ணைப்புரத்திலுள்ள நண்பரொருவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். இப்பொழுது மலைமேல் சிறியதோர் ஏலத் தோட்டத்தைக் கவனித்து வருகிறார். அவரிடம் சி.ஜே. 3பி என்னும் வகையைச் சேர்ந்த பழைய ஜீப் ஒன்று உண்டு. விடியுமுன் தோட்டத்திற்கு வேலைக்கு வரும் பெண்கள் சிலர் அதன் பின்பலகைகளில் அமர்ந்து மலையேறுவர். பொழுது சாயுமுன் அதிலேயே இறங்குவர். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் வண்டியின் வயிறு கல்லில் இடிக்கிறதென்றும், ஆதலின் 31 அங்குல உயரமுள்ள டயர்களைப் பூட்டி, அவற்றிற்கு இடங்கொடுக்க வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தப் போவதாகவும் நண்பர் சொன்னார். இங்ஙனம் வண்டியை உயர்த்துவதை இக்காலத்தவர் 'லிப்ட்' என்பர். 'நீங்கள் விஞ்ஞானம் படித்தவர்களாயிற்றே, எந்த லிப்ட் வாங்கலாம், சொல்லுங்கள்' என்று கேட்டார். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு நாளும் அவ்வண்டியின் அடியிலேயே கிடந்தோம். அப்போது கண்டதையும், பின்னர்க் கணக்கிட்டுத் தெளிந்ததையுமே ஈண்டு எழுதுகின்றோம்.

ஜீப்பின் வரலாறு யாவரும் அறிந்ததே. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையினர் சிறிய வேவு வண்டி ஒன்று வேண்டுமென்று கேட்க, பான்டம் என்னும் நிறுவனத்தார் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தனர். பின்னர் வில்லீஸ், போர்டு ஆகிய இரு நிறுவனத்தாரும் போர் முடியும்வரை ஆறு இலக்கத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தனர். நம் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைக் கூட்டி முடிக்கத் தொடங்கினர். அக்குடும்பத்து வண்டிகள்தாம் இன்றும் கம்பம் பள்ளத்தாக்கின் தெருக்களில் உறுமிக்கொண்டு நிற்கின்றன. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலம், 6.00-16 அளவுள்ள மெல்லிய டயர்கள், இரண்டு அச்சுக்கும் கீழே தொங்கும் பட்டைக் கட்டுகள் என்பனவே அவற்றின் பழைய அமைப்பு. படை ஜீப்பின் முன்மூக்கு 45 பாகைச் சரிவிலும், பின்புறம் 35 பாகைச் சரிவிலும் தரை தட்டாது. இத்தகைய வண்டியை மேலும் உயர்த்த வேண்டுமென்று ஒருவர் விரும்பினால், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும்.

நண்பருக்குக் காரணம் உண்டு. பண்ணைப்புரத்துத் தெருவில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். ஆயினும் மோட்டார் வண்டிகள் அதன்மேல் ஏற வேண்டுமாயின் வடக்கே சென்று போடிமெட்டு வழியாகவோ, தெற்கே சென்று கம்பம்மெட்டு அல்லது குமுளி வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. தார்ச்சாலையில் இத்துணை வளைவுகளையும் கடந்தபின், மேலே தோட்டத்துக்குள் நுழையும் கடைசிச் சில மைல்களில்தான் கல்லும் சேறும் நீரோடிய பள்ளமும் வருகின்றன. ஆகவே நண்பரின் ஜீப் ஒரு நாளில் ஓடும் தூரத்தில் மிகச் சிறு பகுதியே கரடுமுரடானது. மிகப் பெரும் பகுதி செங்குத்தான தார்ச்சாலை. இதை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது.

லிப்ட் வைத்தால் வண்டி உயரும், வண்டி உயர்ந்தால் கல் இடிக்காது என்று பலரும் எண்ணுகின்றனர். இதில் பாதியே உண்மை. வண்டியின் அடியில் எல்லாவற்றினும் தாழ்வாகத் தொங்குவது எது? அச்சின் நடுவே உள்ள டிபரன்ஷியல் உருண்டையே. இவ்வுருண்டை அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தின் நடுவில் மாட்டப்பட்டுள்ளது. ஆதலின் தரைக்கும் உருண்டைக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது டயரின் உயரம் ஒன்றே. பட்டைகளை நான்கு அங்குலமன்றி நாற்பது அங்குலம் உயர்த்தினாலும், சேஸிஸும் அதன்மேலுள்ள உடலும் மேலே போகுமேயன்றி, அவ்வுருண்டை ஒரு நூலளவும் உயராது. டயரை மாற்றினால்தான் உயரும்; அதுவும் மாற்றத்தின் பாதியளவே உயரும். 29 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குல டயரைப் பூட்டினால் அச்சு உயர்வது ஒரே ஓர் அங்குலம்!

அப்படியாயின் லிப்ட் எதற்கு? இரண்டு காரியங்களுக்கு உதவும். பெரிய டயர் மேலெழும்போது மட்கார்டில் உரசாதபடி இடங்கொடுக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள வண்டியின் வயிற்றை மேட்டிலிருந்து காக்கும். இரண்டாவது நன்மை நீண்ட வண்டிகளுக்கு மிகவும் வேண்டியது. 80 அங்குல ஜீப்புக்கு அது இயல்பிலேயே பெரும்பாலும் அமைந்திருக்கிறது. ஆகவே நண்பருடைய வினாவை நாம் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது டயர். அந்த டயருக்கு எவ்வளவு இடம் போதாதோ அவ்வளவே லிப்ட். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலமும் கடன்.

இனி டயரின்மேல் அச்சிடப்பட்டுள்ள எண்களைப் படிக்கும் முறையைச் சொல்வோம். 6.00-16 என்பதில் 16 என்பது டயர் உட்காரும் இரும்பு வளையத்தின் குறுக்களவு, 6.00 என்பது டயரின் அகலம். இப்பழைய வகை டயர்களில் அகலமும் பக்கவாட்டு உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 16-உடன் இருமுறை ஆறைக் கூட்ட 28 வரும். உண்மையில் அதனினும் சிறிது கூடி 29-ஐ நெருங்கி நிற்கும். 7.00-16 டயர் இம்முறையில் முப்பதுக்குச் சற்று மேலும், 7.50-16 டயர் முப்பத்தொன்றுக்குச் சற்று மேலும் ஆகும். புதிய ரேடியல் டயர்களின் எண் வேறு வகையானது. 235/75 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 235 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் நூற்றுக்கு 75 பங்கு, வளையம் 15 அங்குலம். கணக்கிட்டால் மொத்த உயரம் 28.9 அங்குலம் வருகிறது. பார்வைக்குப் பருத்துத் தடித்து, பழைய 6.00-16 டயரைச் சிறுபிள்ளையாகக் காட்டும் இந்த டயர், உயரத்தில் அதனோடு சரிசமானமே! அகலத்தைக் கண்டு உயரமென்று மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் 'வண்டி இன்னும் இடிக்கிறதே' என்பார் பலர். அகன்ற டயர் மணலிலும் இளஞ்சேற்றிலும் மிதந்து செல்ல உதவும். மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள மலைப்பாதையிலோ, சேற்றைக் கிழித்துக்கொண்டு தரையைப் பற்றும் குறுகிய டயரே பெரும்பாலும் நன்று.

எந்த டயருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வண்டி சமதரையில் நிற்கும்போது அளந்து பயனில்லை. ஒரு முன்சக்கரத்தை ஓரடி உயரக் கல்லின்மேல் ஏற்றி, பட்டை முற்றிலும் அமுங்கும்படி செய்து, அந்நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பின்பு ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயரின் உட்பக்கம் பட்டையிலோ சேஸிஸிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கு உரசினால் அதை லிப்ட் தீர்க்காது. திருப்பும் எல்லையைக் குறைத்தே தீர்க்க வேண்டும். அப்படிக் குறைத்தால் கொண்டையூசி வளைவில் வண்டி ஒரே வீச்சில் திரும்பாது. பின்னால் பேருந்து நிற்க, முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் சங்கடத்தை அநுபவித்தவர் அறிவர்.

இவ்விதம் அளந்துகொண்டிருக்கையில்தான் நாம் எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. நண்பரின் வண்டியில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஏறக்குறைய முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பட்டைகளை உற்று நோக்கினோம். வில்போல் வளைந்திருக்க வேண்டியவை பலகைபோல் நிமிர்ந்து கிடந்தன. பின்புறம் ஒரு கட்டில் மூன்றாம் பட்டை முறிந்தே இருந்தது. பல்லாண்டுகள் பாரம் சுமந்த எஃகு சோர்ந்து போதல் இயற்கை. நாம் கண்ட அளவில், முதலில் இருந்திருக்க வேண்டிய உயரத்தினின்று அவ்வண்டி ஒன்றரை அங்குலமேனும் கீழே இறங்கியிருக்கும். அஃதாவது, நண்பர் விலைகொடுத்து வாங்க நினைத்த நான்கு அங்குலத்தில் ஒன்றரை அங்குலம் அவருக்கே உரியது. காலம் அதைச் சிறிது சிறிதாகக் களவாடியிருந்தது. பழைய வண்டியை உயர்த்த விரும்புவோர் யாவரும் முதலில் பட்டைப் பட்டறைக்குச் சென்று இதைக் கேட்டறிதல் வேண்டும். முறிந்தவற்றைப் புதிதாக மாற்றி, நிமிர்ந்தவற்றிற்கு மீண்டும் வளைவேற்றி, ஷாக்கிள் புஷ்களையும் யூ போல்ட்டுகளையும் புதுப்பித்தாலே வண்டி எழுந்து நிற்கும். வளைவேற்றிய பழம்பட்டை சில காலத்தில் மீண்டும் தொய்வதுண்டு. ஆதலால் கைப்பொருள் இடங்கொடுத்தால் புதுக் கட்டே சிறந்தது.

லிப்ட்டின் வகைகளைச் சுருங்கச் சொல்வோம். உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டைகளை வைத்து உடலை மட்டும் உயர்த்துவது ஒன்று. ஓரங்குலம் வரையில் இது பெரிதும் தீங்கற்றது. எஞ்சினும் அச்சும் பட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குமேல் போனால் உடலைப் பிடிக்கும் போல்ட்டுகளின்மேல் பளு ஏறும். ஸ்டியரிங் தண்டும் கியர்த் தடியும் இடம் மாறும். ஷாக்கிளை நீளமாக்குவது மற்றொன்று. இதுவே மிக மலிவானது. ஆதலாலேயே மிகுதியாகச் செய்யப்படுவது. நம் கருத்தில் எல்லாவற்றினும் மோசமானதும் இதுவே. இரண்டு அங்குலம் நீட்டினால் உயர்வது ஓரங்குலந்தான். அன்றியும், ஷாக்கிள் முன்னால் உள்ள பழைய ஜீப்புகளில் முன்னச்சின் தலை முன்னோக்கிச் சாயும். மிதிவண்டியின் முன்கவை பின்சாய்ந்திருப்பது, அது கைவிட்டாலும் நேரே ஓடுவதற்குத் துணைசெய்கிறது என்பதை மாணவர் அறிவர். அச்சாய்வு குறைந்தால் ஜீப்பும் நேர்வழியில் நில்லாது அலையும்.

வளைவு மிகுந்த புதிய பட்டைக் கட்டுகளைப் பூட்டுவது மூன்றாம் வகை. ஒழுங்காகச் செய்யப்படும் லிப்ட் இதுவே. ஆயினும் வளைவு மிகுந்தால் பட்டை விறைப்பாகும். பள்ளத்தில் ஒரு சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொட மறுக்கும். நான்காவது, அச்சுக்குக் கீழே உள்ள பட்டைக் கட்டை எடுத்து அச்சுக்கு மேலே பூட்டிவிடுவது. இதனால் வண்டி ஒரே நாளில் ஐந்தங்குலம் வரை உயர்ந்துவிடும். படம் பிடிக்க அழகாக இருக்கும்! ஆனால் ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் கெட்டு, பள்ளத்தில் விழுந்தெழும்போது வண்டி தானாகவே பக்கம் திரும்பும். எஞ்சின் முறுக்கும்போது அச்சு சுழலப் பார்த்துப் பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். குட்டையான புரொப்பெல்லர் ஷாப்டு செங்குத்தாகச் சாய்ந்து ஜாயின்ட் கிராஸ்களை விரைவில் தின்றுவிடும். தேர்ந்த பட்டறையார் இவை ஒவ்வொன்றிற்கும் மாற்று வைத்திருக்கின்றனர். அம்மாற்று ஒவ்வொன்றிற்கும் தனி விலையும் உண்டு.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர், 'செலவுதானே, தாங்கிக்கொள்கிறேன்' என்றார். அதன்மேல்தான் நாம் தாளையும் பென்சிலையும் எடுத்தோம்.

டயர் 29 அங்குலத்தினின்று 31 ஆனால், சக்கரம் ஒருமுறை சுழலும்போது வண்டி முன்னிலும் நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியாக ஓடும். வில்லீஸ் படை ஜீப்பின் டிபரன்ஷியல் விகிதம் 4.88; சி.ஜே. 3பி-யின் விகிதம் 5.38. பெரிய டயர் பூட்டினால் இந்த 5.38 ஏறக்குறைய 5.03 ஆகிவிட்டதுபோல் வண்டி நடந்துகொள்ளும். மலையேற முன்னிலும் கீழ்க்கியர் வேண்டும். வேகமானி 30 காட்டும்போது மெய்யான வேகம் 32 ஆக இருக்கும். இவை பொறுக்கத்தக்கவை. இறக்கத்தைப் பார்ப்போம். கியரில் விட்டு எஞ்சினால் வண்டியைத் தடுத்துக்கொண்டு இறங்குவதே மலைச்சாலை முறை. அத்தடுப்பும் அதே ஏழு பங்கு குறையும். பிரேக்கும் அவ்வாறே: டிரம்மின் அளவு மாறவில்லை, பிடிக்கும் வலிமை மாறவில்லை, அது எதிர்க்க வேண்டிய நெம்புகோலாகிய டயரின் ஆரம் நீண்டுவிட்டது. பழைய ஜீப்பின் டிரம்முகளோ ஒன்பது அங்குலமே. பதினேழு வளைவுகளை இறங்கி வருகையில் அவை சூடேறிப் பிடி தளர்வதை நண்பரே பலமுறை கண்டிருக்கிறார்.

இன்னும் பெரிய செய்தி சாய்வு. வண்டியின் இடவலச் சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 48 அங்குலம். அதிற் பாதி 24. வண்டியின் பளு மையம் தரையினின்று 27 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 24-ஐ 27-ஆல் வகுக்க 0.89 வரும்; அஃதாவது பக்கவாட்டில் ஏறக்குறைய 42 பாகை சாயும்வரை வண்டி கவிழாது. நண்பரின் எண்ணப்படி டயரால் ஓரங்குலமும் லிப்ட்டால் நான்கங்குலமும் உடல் உயரும். அச்சும் சக்கரமும் அவ்வளவு உயராமையால் மொத்தப் பளு மையம் நான்கங்குலம் உயர்ந்ததென்று கொள்வோம். 24-ஐ 31-ஆல் வகுக்க 0.77. சாய்வின் எல்லை 38 பாகையாகக் குறைகிறது. வளைவில் வண்டி தாங்கக்கூடிய பக்கவாட்டு விசையும் நூற்றுக்கு பதின்மூன்று பங்கு குறைகிறது. இது வெறும் வண்டிக்கு உரிய கணக்கு. பின்பலகையில் அமர்பவரின் உடற்பளு எப்போதும் வண்டியின் பளு மையத்திற்கு மேலேயே இருக்கும். ஆள் ஏற ஏற அம்மையமும் மேலே ஏறும். பட்டை விறைத்துச் சாயும் தருணத்தில் உண்மையான எல்லை இவ்வெண்களினும் குறைவாகவே இருக்கும்.

இக்கணக்கை நாம் உரக்கப் படித்தபோது, திண்ணையோரம் நின்ற பெண்மணியொருவர், நாள்தோறும் அந்த ஜீப்பில் செல்பவர், 'இப்பவே ஏறுறதுக்குக் கைப்பிடி எட்டலை. இன்னும் ஒசத்தப் போறீகளா?' என்று கேட்டார். நம் கணக்கில் அது இடம்பெறாமற் போயிற்று. வண்டியின் உயரத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். நாள்தோறும் அதில் ஏறி இறங்குபவர் வேறொருவர்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் செய்தவர் குறித்த அமைப்பினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாதென்று விதிக்கின்றது. கேரளத்தினின்று எழுந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. நம் பள்ளத்தாக்கு ஜீப்புகளோ நாள்தோறும் இரு மாநிலச் சோதனைச் சாவடிகளைக் கடப்பவை. விபத்து நேர்ந்தபின் காப்புறுதித் தொகை கேட்கும்போது இம்மாற்றங்கள் வினாவாக எழும். அவ்வினா ஏறிச் சென்றவரின் குடும்பத்தையும் தொடும். ஆதலின் எதையும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதலே முறை.

மறுநாள் நண்பரோடு சூரியநெல்லிக்குச் சென்றோம். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்தே செல்கிறது. ஜீப்பன்றி வேறு வண்டி அதில் ஏறாது. கல்லே பாதையாகக் கிடக்கும் அவ்விடத்தில் ஓடும் ஜீப்புகளை நின்று பார்த்தோம். நாம் பார்த்தவற்றுள் மிக உயர்த்தப்பட்டவை சிலவே. ஓட்டுநர்கள் கீழ்க்கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் சென்றனர். டிபரன்ஷியல் உருண்டை எக்கல்லுக்கு எப்பக்கம் போகிறதென்பதை மனத்திற் கண்டுகொண்டு, சக்கரத்தைக் கல்லின்மேலேயே ஏற்றினர். கல்லைக் கால்களுக்கு நடுவே விட்டு ஓட்டிப் பழகிய நம் நண்பர் இதைக் கூர்ந்து கவனித்தார். டயரில் காற்றைச் சிறிது குறைத்தால் கல்லின்மேல் பிடி கூடும் என்பதையும் அங்கு ஒருவர் சொன்னார். காசில்லாத வித்தை, ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்புமுன் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும், மறந்தால் வளைவில் டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும்.

நண்பர் நான்கங்குல லிப்ட்டை விட்டுவிட்டார். புதிய பட்டைக் கட்டுகளை, செய்தவர் குறித்த வளைவிலேயே, நான்கு பக்கமும் போட்டார். வண்டி ஒன்றே முக்கால் அங்குலம் எழுந்தது. கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றி மீண்டும் அளந்தபோது, 7.00-16 டயருக்கு லிப்ட் எதுவுமின்றியே இடம் இருப்பது தெரிந்தது. ஸ்டியரிங் கடைசித் திருப்பத்தில் மட்டும் அரை அங்குலத்தினும் குறைவான இடைவெளி. பிரேக் லைனிங்குகளும் ஹோஸ்களும் புதியவை. பின்புறம் ஏறுவதற்கு ஒரு படியும் வைத்துவிட்டார். 7.00-16 டயர்கள் நான்கை வாங்கியதும் உண்மையே. ஆனால் அவற்றைப் பூட்டலாமா என்று கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். மறுமொழி வரும்வரையில் அவை பண்ணைப்புரத்து வீட்டுத் திண்ணையில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மாலையில் பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து விளையாடுவதாகக் கடிதம் வந்தது.